ஓர முளை

வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ‘கறுப்புக் காளை’ பப்பின் மீன்பிடிச் சங்கம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும். மற்ற ஞாயிறுகளில் ஆம்பிளைகள் மட்டும் போவார்கள், குடிப்பார்கள், மீன் பிடிப்பார்கள், தன் வீடு எது பக்கத்து வீடு எது என்று தெரியாமல் வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த ஒரு ஞாயிறு வேறு. அன்றைக்குக் கெட்ட வார்த்தைகள் பஸ்ஸின் முன்பாதியில் மட்டும்தான் புழங்கும், பின்பாதி பிள்ளைகளுடையது. ஜனீனுக்கு ஐந்து வயதிலிருந்தே கிறிஸ்துமஸைவிட அது பெரிய நாள். ஏறியதும் மூக்கில் அடிக்கும் அந்த வாடை, புழு டப்பாவும் நேற்றைய பீரும் ஈரச் சாக்கும் கலந்த வாடை, அவளுக்கு மட்டும் மணமாக இருந்தது. பெர்னி மாமாவின் மகள் டோனாவோடு கடைசி இருக்கையில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டே போவாள்.

அவளுடைய அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபட்டதே இல்லை. இத்தனை ஆம்பிளைகள், ஒரு வண்டி பீர், ஒரு நாள் முழுக்க ஆறு, ஆனால் ஒரு மீனாவது வீட்டுக்கு வந்ததுண்டா என்று கேட்பாள். வராது. பிடித்த மீனெல்லாம் ஆற்றுக்குள்ளேயே முக்கி வைத்த நீள வலைக்குள் உயிரோடு கிடக்கும். சாயங்காலம் எடை போட்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார்கள். யார் அதிக எடை பிடித்தார்களோ அவருக்குக் கோப்பை. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்காக ஸ்கெல்தார்ப் ஊரில் அண்ணன் தம்பிகள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஜனீனுக்குப் பதினோரு வயதான அந்தக் கோடையில், ஊரில் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணம் இருந்தது.

சுரங்கத்தில் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் நடந்து மார்ச்சில் முடிந்தது. தோற்றுப்போனாலும் எல்லோரும் பேண்டு வாத்தியத்தோடு, கொடி பிடித்து, ஒன்றாகத்தான் உள்ளே போனார்கள். ஜனீனின் அப்பா மால்கம் மட்டும் அந்த ஊர்வலத்தில் இல்லை. அவர் மூன்று வாரம் முன்பே, கல்லெறிக்குப் பயந்து கம்பி வலை அடித்த பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். வருஷம் முழுக்கத் தாக்குப்பிடித்த மனுஷன் கடைசி மூன்று வாரத்தில் விழுந்தார். நிலக்கரி வெட்டுகிறவன் வீட்டில் எரிக்க நிலக்கரி இல்லை. கைக்குழந்தை கிரெய்க்குக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசில் மாதிரி கேட்டது. மாடி அறைக் கதவைக் கழற்றி எரித்தார், அலமாரியை எரித்தார், அப்புறம் எரிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டார். இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அறிந்தே அன்று ராத்திரி வாசல் கதவில் வெள்ளை பெயின்டால் ‘கருங்காலி’ என்று எழுதினார்கள். அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். எழுத்து மங்கியதே தவிரப் போகவில்லை.

அன்றிலிருந்து பெர்னி மாமா அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்த மாமா இல்லை அவர். அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் சுரங்கத்தில் இறங்கி, அப்பாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனாக மோதிரத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றவர்.

மீன்பிடிச் சங்கத்திலிருந்து அப்பாவின் பெயரை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய அவசியம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அப்பா விடியற்காலையில் எழுந்து தூண்டில் உறையைத் தோளில் மாட்டியபோது அவள் மாடிப்படியில் குழந்தையோடு நின்றாள்.

“உன்ன யாரும் கூப்பிடலயே” என்றாள்.

“வராதேன்னும் சொல்லலயே.”

நானும் வருகிறேன் என்று ஜனீன் சொன்னது ஆசையால் இல்லை, பயத்தால். வசந்தத்தில் ஒரு நாள் அப்பா பப்புக்குப் போனபோது அவள் வாசல் படியில் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. பாதி குடித்த கிளாஸை வைத்துவிட்டு அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காலி பப்பில் அப்பா மட்டும் நின்று தன் பீரை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தில் அவரை இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது. அதனால்தான் கூடவே போனாள், தான் போய் எதைத் தடுக்கப் போகிறோம் என்று தெரியாமலே.

பஸ்ஸில் அவர்கள் ஏறியதும் பேச்சு அறுந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், ஒன்றும் அறியாதவர். “குட் மார்னிங், இன்னிக்கு மீனுங்களுக்கெல்லாம் கெட்ட நேரமா” என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அப்பா வழக்கமாக உட்காரும் இருக்கையில் யாரோ தூண்டில் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். அடுத்த இருக்கையில் கோட்டு. அதற்கடுத்ததில் ஒரு கால். ஜனீன் கடைசி இருக்கையைப் பார்த்தாள். டோனா ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. கடைசியில் டிரைவருக்குப் பின்னால், வாந்தி எடுக்கிறவர்களுக்கென்று வாளி வைத்திருக்கும் இருக்கையில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் யாரும் பாடவில்லை.

நடுவழியில் வேலியோரம் வண்டி நின்றது. ஆம்பிளைகள் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போனார்கள். அப்பாவும் இறங்கினார். அவர் வரிசையின் நுனியில் போய் நின்றதும், இருந்தவர்கள் பட்டனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். பெருமைக்காக மூத்திரத்தை அடக்கும் ஜாதி ஸ்கெல்தார்ப்காரர்கள். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று டிரைவர் கேட்டார். பின்னாலிருந்து யாரோ ஏறியாச்சு என்றார்கள். வண்டி உறுமியது. அப்பா இன்னும் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“எங்கப்பா வரல” என்றாள் ஜனீன். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து டிரைவரின் தோளைத் தொட்டு மறுபடியும் சொன்னாள். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அத்தனை முகங்களும் ஜன்னல் பக்கம் இருந்தன. அப்போதுதான் அந்த ஆளுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் வழி நெடுக அவரும் ஜோக் அடிக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு தொப்பிக்குள் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். கரை நெடுக முளைக்குச்சி அடித்து எண் கட்டியிருக்கும், சீட்டில் வந்த முளைதான் அன்றைக்கு அவரவர் இடம். தொப்பியைப் பிடித்திருந்தவர் சங்கச் செயலாளர் ஸ்டப்ஸ். வேலைநிறுத்தத்தின்போது இலவசச் சாப்பாட்டுக் கூடம் நடத்தி ஊரையே பட்டினியிலிருந்து காத்தவர், அதனால் அவர் முகம் சுளித்தால் ஊரே சுளிக்கும். ஒவ்வொருவராகக் கைவிட்டு எடுத்தார்கள். அப்பாவின் முறை வந்ததும் ஸ்டப்ஸ் தொப்பியைப் புல்லில் வைத்துவிட்டு, குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் தொப்பியைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தார்கள். கடைசியாக ஒரே ஒரு சீட்டு மிஞ்சியதும் அப்பா குனிந்து அதை எடுத்தார்.

ஓர முளை. கரையின் கடைசி. அதற்கப்பால் யாரும் உட்காரமாட்டார்கள், மிரண்ட மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். சங்கத்தில் ஒவ்வொருவனும் கனவு காணும் இடம். எண்ணைப் பார்த்த ஒருவர் காறித் துப்பினார். அதிர்ஷ்டத்துக்குக் கண்ணே இல்லை என்று இன்னொருவர் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கு முந்தின முளை பெர்னி மாமாவுக்கு விழுந்திருந்தது.

இதில்தான் சிக்கல். கறுப்புக் காளை சங்கத்தில் எடை போடுவதற்கு ஒரு முறை உண்டு. தராசைச் செயலாளர் பிடிப்பார். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எடையை உரக்கச் சொல்ல வேண்டியவர் பக்கத்து முளைக்காரர், அதைத்தான் எடை கூப்பிடுவது என்பார்கள். அவர் வாயால் சொன்னால்தான் அது எடை. பழைய காலத்தில் எவனோ ஒருவன் மீன் வயிற்றில் ஈயக் குண்டைத் திணித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து இந்த ஏற்பாடு. நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சாட்சி சொல்லட்டும் என்று வைத்தார்கள். ஓர முளைக்காரனுக்குப் பக்கத்து ஆள் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்காவிட்டால் வலையில் திமிங்கிலமே கிடந்தாலும் கணக்கில்லை.

ஜனீனுக்கு இந்த முறை மனப்பாடம். பெர்னி மாமா தன் பெட்டியை லேசாகத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தபோதே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். மீனே விழாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒன்றும் பிடிக்காதவனுக்கு எடையும் கிடையாது, கூப்பிடுவதும் கிடையாது. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வாளி இருக்கையில் போய் உட்கார்ந்துவிடலாம்.

விசில் ஊதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்பா ரொட்டித் தூளைப் பிசைந்து உருண்டையாக்கி ஒரே இடத்தில் எறிந்துகொண்டிருந்தார். அப்புறம் தக்கை ஒரு ஆட்டு ஆடி, சாய்ந்து, அமுங்கியது. முதல் ப்ரீம் மேலே வந்தது. தட்டு போல அகலமான, வெண்கல நிற மீன். ஜனீன் கைவலையை நீட்டி வாங்கினாள். யாரும் கவனிக்கக் கூடாதே என்று கரையைத் திரும்பிப் பார்த்தாள். பழைய வருஷங்களில் எல்லோருக்கும் கேட்கும்படி கூவியிருப்பாள்.

ஒரு மீனோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். ப்ரீம் தனியாக வராது, கூட்டமாக மேயும். கூட்டம் அப்பாவின் ரொட்டித் தூளின் மேல் வந்து நின்றுவிட்டது. இரண்டாவது வந்தது, மூன்றாவது முதலாவதைவிடப் பெரிது. அப்புறம் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொன்றையும் வலைக்குள் விடும்போது தண்ணீரில் வால் அடிக்கும் சத்தம் கரை நெடுகக் கேட்டது. அடுத்தடுத்த முளைகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. பெர்னி மாமாவின் தலை மட்டும் அசையவில்லை. அவர் தக்கையும் அசையவில்லை.

மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

“போதும்பா.”

“என்ன போதும்? மீன் வருதுல்ல. நான் யாருன்னு அதுக்குத் தெரியுமா என்ன.”

“யார் கூப்பிடுவாங்க?”

அப்பா இரை கோப்பதை நிறுத்தினார். பெர்னி மாமாவின் முதுகைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“பெர்னி கூப்பிடுவான்.”

“கூப்பிடலேன்னா?”

அவர் தூண்டிலை வீசினார். அப்போதுதான் ஜனீனுக்கு விளங்கியது. அப்பா கோப்பைக்காக வரவில்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் வாளி இருக்கையில் உட்கார்ந்து, வேலியோரம் தனியாக நின்று, இத்தனை தூரம் வந்திருக்கிறார். பெர்னி தன் எடையைக் கூப்பிடுவானா மாட்டானா. இரண்டு ராத்தல் பிடித்துவிட்டு அதைக் கேட்க முடியாது. நல்ல எடை, ஜெயிக்கிற எடை இருந்தால்தான் கேள்வி கேள்வியாக நிற்கும்.

அவளுக்கோ அந்தப் பதில் தெரிந்துபோன மாதிரி இருந்தது. ஒருவேளை கூப்பிட்டாலும் அதற்கு மேல் இன்னொன்று காத்திருந்தது. ஜெயித்தவரின் கோப்பையில் பீர் ஊற்றி, திரும்பும் பஸ்ஸில் அவர் முதல் மிடறு குடிக்க, அப்புறம் கை மாறிக் கை மாறி ஒவ்வொருவராகக் குடித்துக் காலி செய்வார்கள். அப்பா வாய் வைத்த கோப்பையை இவர்களில் யார் வாங்குவார்கள்? அவர் அதை நீட்டிக்கொண்டு நடுவழியில் நிற்பது அவள் கண்ணுக்குள் வந்து வந்து போனது. இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன் என்று அவர் மும்முரமாகப் பிடிக்கப் பிடிக்க அவளுக்கு அழுகையாக வந்தது. தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற மனுஷனுக்கு மண்ணை அள்ளிக் கொடுக்கிற வேலை தனக்கு என்று பட்டது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கைவலையை நீட்டினாள். ஒரு தடவை வேண்டுமென்றே தாமதித்தாள். மீன் அதுவாகவே வந்து வலைக்குள் விழுந்தது.

முடிவு விசில் ஊதியது. தூண்டில்கள் கரையேறின. தராசு அந்தக் கோடியிலிருந்து கிளம்பியது.

ஒவ்வொரு முளையிலும் எடை முடிந்ததும் அந்த ஆளும் தராசின் பின்னால் சேர்ந்துகொள்வார், அது வழக்கம். வர வரக் கூட்டம் பெருத்துக்கொண்டே வரும். ஓர முளைக்கு வரும்போது சங்கம் முழுக்கச் சுற்றி நிற்கும். ஜனீன் மேட்டில் ஏறி நின்று பார்த்தாள். தூரத்தில் ஏழெட்டுப் பேர் தெரிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது இருமடங்காகியிருந்தது. யாரோ எடை கூப்பிடுவதும் ஸ்டப்ஸ் திருப்பிச் சொல்வதும் காற்றில் வந்தது. பதினாறு ராத்தல்தான் இதுவரை அதிகம். அப்பாவின் வலையில் அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் கிடந்தது.

அப்பா முகத்தைக் கழுவினார், தொப்பியைச் சரி செய்தார். மாப்பிள்ளை மாதிரி சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். அப்புறம், தராசு வருவதற்குள் ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வில்லோ மரத்துக்குப் பின்னால் போனார்.

ஜனீன் பெர்னி மாமாவைப் பார்த்தாள். முதுகு. கூட்டத்தைப் பார்த்தாள். இன்னும் நாலைந்து முளை இருந்தது. யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கரைச் சரிவில் சறுக்கி இறங்கி, வலையின் வாய் வளையத்தைக் குச்சியிலிருந்து திருகி எடுத்து, முழங்கைக்கு மேல் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. போங்க, போங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வலையின் அடியைக் காலால் உதைத்தாள். அப்புறம் ஒரு மீன் அவள் கையில் உரசிக்கொண்டு வெளியே போனது. அதன் பின்னாலேயே எல்லாம் போயின. ஒரு நாள் பிழைப்பு கண்மூடித் திறப்பதற்குள் கலங்கிய தண்ணீரில் கரைந்தது. வளையத்தை மறுபடியும் குச்சியில் மாட்டிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தாள். நிம்மதியாக இருந்தது. காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தாள்.

தராசு வந்தது. பெர்னி மாமாவின் வலையில் அரை ராத்தல். கூட்டம் ஓர முளையைச் சுற்றி நின்றது. நாள் முழுக்க வால் அடித்த சத்தத்தை எல்லோரும் கேட்டிருந்தார்கள். இந்த எடையைப் பெர்னி கூப்பிடுவானா என்று பார்ப்பதற்கே முண்டியடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெர்னி மாமா தராசின் பக்கத்தில் போய் நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அப்பா குனிந்து இரண்டு கையாலும் வலையைப் பிடித்து, பாரத்தை எதிர்பார்த்து முழுப் பலத்தோடு இழுத்தார். வலை சுளுவாக வந்தது. அவர் பின்னால் தடுமாறினார். நீர் சொட்டும் வெறும் வலையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அப்புறம் ஜனீனின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தான் எழுதிய பரீட்சையின் முடிவைப் படிப்பதற்குள் கிழித்துப் போட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நொடியில்தான் அவள் மண்டையில் இறங்கியது.

“எங்க போச்சு அத்தனையும்?” என்றார் கூட்டத்தில் ஒருவர். அப்பாவைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார்.

ஜனீன் வாயைத் திறந்தாள். அப்பாவின் கை அவள் தோளில் விழுந்து அழுத்தியது.

“நான்தான் விட்டுட்டேன்” என்றார் அப்பா.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நம்ம தராசு இவனுக்கு ஆகாது போலிருக்கு என்றார் ஒருவர். நம்ம வாயால சொன்னா அவன் மீனுக்குத் தீட்டா என்றார் இன்னொருவர். ஸ்டப்ஸ் பெர்னி மாமாவைப் பார்த்து, வலை தராசுக்கு வந்துவிட்டதால் அதையும் கூப்பிடுமாறு தலையசைத்தார். பெர்னி மாமா வெறும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்து மூன்றாவதில்தான் குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல” என்றார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முன்னால் நின்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஸ்டப்ஸ் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நடந்தார். கூட்டம் கலைந்தது.

திரும்பும் பஸ்ஸில் கோப்பை சுற்றி வந்தது. பதினாறு ராத்தல்காரர் முதல் மிடறு குடித்தார், எல்லோரும் குடித்தார்கள், வாளி இருக்கையைத் தாண்டி டிரைவருக்குக்கூட ஒரு வாய் கொடுத்தார்கள். பீர் உள்ளே போகப் போகப் பின்னால் மெல்லப் பாட்டு ஆரம்பித்தது. அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைத் திட்டவில்லை. கை ஈரமா இருக்கு பார் என்று தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அது தாங்கவில்லை அவளுக்கு. பழியை அவர் சுமக்கிறார். மீனைத் திமிரால் விட்டவன் என்று நாளைக்கு ஊர் பேசும். பெர்னி மாமாவும் அப்படியே நம்பிக்கொண்டு சாவார்.

கோட்டோடு எழுந்தாள். இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தாள். பெர்னி மாமா கடைசி இருக்கைக்கு முந்தினதில் மற்ற ஆம்பிளைகளோடு சேராமல் உட்கார்ந்திருந்தார். டோனா அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

“மாமா, அப்பா விடல. நான்தான் விட்டேன்.”

“தெரியும் பாப்பா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பாத்தேன்.”

“பாத்தீங்களா?”

“நீ சறுக்கி இறங்குன சத்தத்துல திரும்புனேன், அதுலேந்து பாத்தேன். ஏய்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நீ விட்டிருக்கமாட்ட. குடுக்கல.” கையிலிருந்த பீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “காலைலேந்து அவன் வலைல ஒவ்வொரு மீனா விழ விழ எனக்கு வயித்துல கல்லு விழுந்துச்சு. நீ அந்த வளையத்துல கை வச்சதும் எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. அப்புடிப்பட்ட ஆளு நான். தெரிஞ்சுக்க.”

அவளுக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கேட்டாள்.

“மீன் இருந்திருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?”

அவர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டினார். சுற்றிலும் பாட்டு உரத்துக் கேட்டது. அவர் பொய் சொல்லியிருக்கலாம், ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல எத்தனையோ பொய் இருக்கிறது.

“தெரியல” என்றார். “சத்தியமா தெரியல, பாப்பா. போ. போய் அப்பா பக்கத்துல உக்காரு.”

அவள் திரும்பி நடந்தாள். வந்த தூரத்தைவிடப் போகும் தூரம் நீளமாக இருந்தது. அவள் உட்கார்ந்து ஒரு கிராமம் தாண்டியது. அப்புறம், எதிரே ரோட்டைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்.

“யார்கிட்ட போயிருந்த?”

“பெர்னி மாமாகிட்ட. நான்தான் விட்டேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேல் பட்டன் இன்னும் போட்டபடியே இருந்தது.

“கூப்பிட்டிருப்பாராம்” என்றாள். “நாப்பது ராத்தல் தேறியிருக்குமாம். கண்டிப்பா கூப்பிட்டிருப்பேன்னு உங்கப்பாகிட்ட சொல்லுன்னாரு.”

அப்பா தலையை ஆட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றார். “மத்தியானமே சொன்னேன்ல உன்கிட்ட, பெர்னி கூப்பிடுவான்னு.”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். பிப்ரவரியிலிருந்து ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்த மனுஷன், அத்தனை பேர் நடுவில், வாயைத் திறந்துகொண்டு, அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். தோள் மரத்துப்போனது. அவள் அசையவில்லை. பின்னால் பெர்னி மாமா எழுந்து வந்து ஏதாவது சொல்லி அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று வீடு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.